கர்னல் மேல் விழுந்த பழி

வெர்லின் ஸ்டாம்பர் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அமெரிக்காவின் கென்டக்கியில் அவர் வீட்டுக் கொல்லையில், இரும்புக் கம்பத்தின் மேல் ஒரு மரப்பெட்டி இருந்தது. அந்த வசந்தத்தில் ஒரு ஜோடி நீலக்குருவிகள் அதில் குடியேறின. இடத்தைப் பிடிக்க வந்த சிட்டுக்குருவிகளை வெர்லின் நாள் முழுக்கக் கைதட்டி விரட்டினார். பாம்பு ஏறாதபடி கம்பத்தில் தகரக்குழாய் மாட்டினார். முட்டை பொரிந்து ஐந்து குஞ்சுகள் வந்ததும், தேவாலயத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் அதே பேச்சுதான்.

"இறக்கை முளைச்சாச்சு. இனிமே பெட்டியைத் திறக்காத" என்று மனைவி நடீன் சொல்லியிருந்தாள். "பயந்து வெளிய குதிச்சிடும். பறக்கவும் தெரியாது, திரும்பி ஏறவும் தெரியாது."

"எனக்குத் தெரியாதா?" என்றார் வெர்லின். தெரிந்துதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நடீனின் தம்பி ராய்ஸ் சாப்பிட வந்தான். நடீன் அடுப்பில் சோளரொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க, ஆண்கள் இருவரும் கொல்லைக்குப் போனார்கள்.

"என்ன மச்சான், ஊரெல்லாம் உங்க குருவிப் பேச்சுதான். உள்ள ஏதாவது இருக்கா, இல்ல வெறும் பெட்டிதானா?"

"அஞ்சு இருக்கு."

"நீங்க மீன் பிடிச்ச கதை மாதிரியா?"

அந்தச் சிரிப்பு வெர்லினுக்குப் பொறுக்கவில்லை. கொக்கியை நீக்கிப் பெட்டியின் பக்கக் கதவைத் திறந்தார்.

ஐந்தும் ஒன்றாக வெடித்துச் சிதறியதுபோல வெளியே பாய்ந்தன. இரண்டடி படபடத்துப் புல்லில் விழுந்தன. தாயும் தகப்பனும் தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றின. வெர்லின் மண்டியிட்டுத் தவழ்ந்து மூன்றைப் பிடித்து உள்ளே விட்டு, வாசல் ஓட்டையைக் கைக்குட்டையால் அடைத்தார். நாலாவதை எட்டுவதற்குள் ஒரு காகம் இறங்கிக் கொத்தித் தூக்கிக்கொண்டு போனது. அவர் கண் முன்னாலேயே. ஐந்தாவது எங்கே போனதென்றே தெரியவில்லை.

சத்தம் கேட்டு நடீன் ஓடி வந்தாள். "என்ன ஆச்சு?"

வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு ஓப்பலின் செம்பழுப்புப் பூனை கர்னல் வெயிலில் படுத்திருந்தது. வெர்லின் வாயிலிருந்து வார்த்தை தானாக வந்தது.

"குஞ்சுங்க தானா வெளிய வந்திருக்கு. அந்தப் பூனை ரெண்டைத் தின்னுடுச்சு."

ராய்ஸ் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் ஓப்பல், வாழைப்பழ புட்டிங் ஒரு கிண்ணம் நிறைய எடுத்துக்கொண்டு வந்தார். கணவர் இறந்த பிறகு அந்த வீட்டில் அவரும் பூனையும் மட்டும்தான். கண் சிவந்திருந்தது.

"நடீன் சொன்னா. நீங்க அந்தக் குருவிங்களுக்காக எவ்வளவு பாடுபட்டீங்கன்னு எனக்குத் தெரியும் வெர்லின். மூஞ்சியை எங்க வச்சிக்கிறதுன்னே தெரியல."

"விடுங்க ஓப்பல். பூனைன்னா அப்படித்தான்" என்றார் வெர்லின். பெருந்தன்மையாகப் பேசுகிற தன் குரலே அவர் காதில் நாராசமாக விழுந்தது.

"இல்ல, விட மாட்டேன். என் அண்ணன் புகையிலைக் கொட்டகையில எலி அதிகம். கர்னலை அங்க அனுப்பிட்டேன்."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவும் செய்தார். நடீன் பக்கத்தில் நின்றாள். கிண்ணத்தை வாங்கி, "நன்றி" என்று மட்டும் சொன்னார். அன்று ராத்திரி புட்டிங்கை அவர் தொடவில்லை. வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டார்.

மிச்சமிருந்த மூன்று குஞ்சுகளும் அந்த வாரமே பறந்து போயின. நடீன் கூப்பிட்டும் அவர் பார்க்க வரவில்லை. கொல்லைப் பக்கம் போவதையே நிறுத்தியிருந்தார்.

ஒரு சாயங்காலம் சமையலறை ஜன்னல் வழியே ஓப்பலைப் பார்த்தார். பின்படியில் நின்று, தகரத்தட்டைக் கரண்டியால் தட்டி, "கர்னல், வாடா!" என்று பழக்கத்தில் கூப்பிட்டார். பிறகு ஞாபகம் வந்து, தட்டை வயிற்றோடு அணைத்தபடி அப்படியே நின்றார்.

வெர்லின் திரும்பி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். நடீன் கை ஈரத்தைத் துண்டில் துடைத்தாள்.

"என்கிட்ட எதுக்குச் சொல்ற? வேலிக்கு அந்தப் பக்கம் போய்ச் சொல்லு."

போனார். படியில் ஏறாமல் கீழே நின்றே சொன்னார். ஓப்பல் தட்டைப் படியில் வைத்தார்.

"நான் அதை அடிச்சேன், வெர்லின்" என்றார் பிறகு. "துடைப்பத்தால. வந்த நாள்லருந்து ஒரு தடவைகூட அதை அடிச்சதில்ல. எதுக்கு அடிக்கிறேன்னு புரியாம, ஓடக்கூடச் செய்யாம, என்னையே பார்த்துச்சு."

"இப்பவே போய்க் கூட்டிட்டு வரலாம். வண்டியை எடுக்கிறேன்."

ஓப்பல் உள்ளே போய்க் கூடையை எடுத்து வந்தார்.

கொட்டகையில் கர்னல் உத்தரத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அங்கிருந்த பூனைகள் கடித்ததில் ஒரு காது கிழிந்து, ரத்தம் காய்ந்திருந்தது. ஓப்பலுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் கம்மிப்போனது. வெகுநேரம் கழித்து இறங்கி வந்து, எட்டி நின்றது. ஓப்பல் தரையில் வைக்கோல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகுதான் மடியில் ஏறியது.

திரும்பி வரும்போது வண்டியில், "மன்னிச்சிடுங்க" என்று வெர்லின் ஒருமுறை சொன்னார். ஓப்பல் பூனையின் காதைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

பூனைதான் தின்றது என்று எல்லாரும் நம்பியிருந்தும், ஓப்பல் உண்மையை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. வெர்லினுக்கு அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. திட்டியிருந்தால் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருப்பார்.

மாதக் கடைசியில் தேவாலயத்தில் கூட்டுச் சாப்பாடு. ஓப்பல் அவரைக்குழம்பு பரிமாற நின்றார். வெர்லின் முறை வந்தபோது, வரிசையில் பின்னால் நின்ற டோய்ல் என்பவர் உரக்கச் சிரித்தார்.

"என்ன ஓப்பல், கொலைகாரனைத் திரும்பக் கூட்டிட்டு வந்துட்டியாமே! வெர்லின், அடுத்த வருஷம் துப்பாக்கியோட உட்காருங்க!"

ஓப்பல் நிமிரவில்லை. கரண்டி மட்டும் நின்றது.

"பூனை இல்ல, டோய்ல்" என்றார் வெர்லின். கன்னமும் காதும் கொதித்தன. "என் மச்சானுக்குக் காட்டணும்னு திறக்கக் கூடாத நேரத்துல நான்தான் பெட்டியைத் திறந்தேன். குஞ்சுங்க குதிச்சிடுச்சு. ஒண்ணைக் காக்கா தூக்கிட்டுப் போச்சு. ஒண்ணு தொலைஞ்சுபோச்சு. பழியைப் பூனை மேல போட்டேன்."

டோய்ல் எங்கேயோ பார்த்தார். தூரத்து மேசையில் நடீன் கையிலிருந்த கோப்பையை மெல்லக் கீழே வைத்தாள்.

"தட்டை நீட்டுங்க வெர்லின்" என்றார் ஓப்பல். "பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."