வலது காதில் தீவு, இடது காதில் கூட்டம்

நோர்மா தொசோலினிக்கு அந்தக் கடிதம் வந்தது வியாழக்கிழமை. இத்தாலியின் உடினே நகரில் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்தவள், ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே படித்தாள். உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு எரிந்தது.

"தென்கடல் தீவுடன் பேசியதாக உறுப்பினர் தொசோலினி சொல்வது சந்தேகத்துக்குரியது. எங்கோ தொலைவில் உள்ள ரிசீவர் ஒன்றை இன்டர்நெட் வழியாகப் பயன்படுத்தித்தான் தீவைக் கேட்டிருக்க வேண்டும் என்று நம்புகிறோம். விருதுக் குழு இந்தத் தொடர்பை நீக்கிவிட வேண்டுகிறோம்." கீழே ஐந்து கையெழுத்துகள், ஐந்தும் அவளுடைய ஹாம் ரேடியோ சங்கத்தார் போட்டவை. முதல் கையெழுத்து தலைவர் எஜிதியோ கந்தருத்தியுடையது, வழக்கம்போலக் கோழி கிளறிய மாதிரி. இது நகல்தானாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அவளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, திங்கட்கிழமை அசலைத் தபாலில் சேர்ப்பார்களாம். தூக்குப் போடுவது என்று முடிவு செய்துவிட்டுக் கடைசி ஆசை கேட்கிற மரியாதை அது.

சொந்த வானொலியில் உலகத்தோடு பேசுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட ஹாம் ரேடியோக்காரர்கள் உலகத்தைத் துண்டு போட்டு எண்ணி வைத்திருக்கிற நாடுகளும் தீவுகளும் முந்நூற்று நாற்பது. இருபத்தொன்பது வருஷத்தில் நோர்மா முந்நூற்று முப்பத்தொன்பதைப் பிடித்திருந்தாள். முழு விருதுக்குப் பாக்கி ஒன்றே ஒன்று. பென்குயின்கள் மட்டும் குடியிருக்கும் அந்தப் பாறைக்குப் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை நாலு பைத்தியங்கள் கப்பலில் போய், எட்டு நாள் கூடாரம் அடித்துப் பேசிவிட்டுத் திரும்புவார்கள். இப்போது அவளுக்கு அறுபத்தொன்று. இந்தத் தொடர்பை நீக்கினால் அடுத்த கப்பலுக்கு அவள் இருப்பாளோ இல்லையோ, ஏமாற்றுக்காரி என்ற பெயர் மட்டும் நிச்சயமாக இருக்கும்.

விருதின் சட்டம் எளிது. வாய் எந்த இடத்தில் இருக்கிறதோ, காதும் அந்த இடத்திலேயே இருக்க வேண்டும். எஜிதியோவின் வாதம் அதைவிட எளிது. குன்றின்மேல் முப்பது மீட்டர் கோபுரம் நட்டு வைத்திருக்கிற தனக்கே ஐந்து நாள் தீவு கேட்கவில்லை. பால்கனியிலிருந்து செர்ரி மரத்துக்கு ஒரு கம்பியை இழுத்துக் கட்டிய பஸ் டிரைவருக்கு எப்படிக் கேட்கும்?

எப்படிக் கேட்கும் என்றால், கேட்கத் தெரிந்தால் கேட்கும். அவன் குன்றைச் சுற்றிக் கூரைக்குக் கூரை சூரியத் தகடு வந்து, வானொலியில் ஓயாத இரைச்சல். அவள் தெருவில் இருக்கிற ஒரே இரைச்சல் பக்கத்து வீட்டு பித்தீனியின் ஆட்டுக்கிடையைச் சுற்றியுள்ள மின்வேலி. நொடிக்கு ஒரு 'டக்'. அது அவளுக்குப் பழகிப்போனது.

கேட்டால் மட்டும் போதாது, தீவுக்காரர்கள் காதிலும் விழ வேண்டும். அவர்கள் அலைவரிசையில் ஓர் இடத்தில் பேசுவார்கள், அதற்குச் சற்று மேலே வேறோர் இடத்தில் காது கொடுப்பார்கள். அந்த 'மேலே' என்பது அகலமான சந்தை. ஐரோப்பா முழுக்க அங்கே நின்று கத்தும். காது அந்தச் சந்தையில் எந்த மூலையில் இருக்கிறது என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். இதற்காகத்தான் நோர்மா இரண்டாவது ரிசீவர் வைத்திருந்தாள். வலது காதில் தீவு, இடது காதில் கூட்டம். தீவு ஒருவனுக்குப் பதில் சொன்னதும், அவன் எந்த மூலையில் நின்று கத்தினான் என்று இடது காதால் தேடிப் பிடிப்பாள். நாலு நாள் மாலையில் ஷிப்டு முடிந்து வந்து, வாயே திறக்காமல் கேட்டாள். இரண்டு பேருக்குப் பதில் சொன்னதும் அந்தத் தீவுக்காரன் ஒரு படி மேலே நகர்கிறான் என்று புரிந்தது. ஐந்தாம் நாள், அவன் அடுத்து வரப்போகிற படியில் முன்கூட்டியே போய் நின்றுகொண்டு, வானொலியில் தன் பெயரான அழைப்புக்குறியை ஒரே ஒரு தடவை சொன்னாள். பதில் வந்தது. சமையலறைக்குள் ஓடிப்போய் அடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அந்த உழைப்பைத்தான் ஐந்து கையெழுத்து வாடகைக் காது என்கிறது.

இரண்டு ரிசீவர்களும் எட்டு நாளும் அணையாமல் ஓடியிருந்தன. அவள் பஸ் ஓட்டுகிற நேரத்திலும் கம்ப்யூட்டர் தீவையும் அந்தச் சந்தை முழுவதையும் பதிவு செய்துகொண்டே இருந்தது. கடிதம் வந்த மாலையும் வெள்ளி மாலையும் தன் நேர்மைக்குச் சாட்சி தேடி அதையெல்லாம் கேட்டாள். சாட்சி கிடைத்தது. தேடாத வேறொன்றும் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மதுக்கடையின் பின்னறையில் எல்லாரும் ஆளுக்கொரு சின்னக் கிளாஸ் வெள்ளை ஒயினோடு உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் எஜிதியோவின் சாதனைத்தாள் தொங்கியது. ஆறாம் நாள் அவனும் தீவைப் பிடித்துவிட்டானே!

"வாங்க அம்மணி," என்றான் எஜிதியோ. "பஸ் இன்னைக்கு நேரத்துக்கு வந்துடுச்சு போல."

"என் பஸ் எப்பவும் நேரத்துக்குத்தான் வரும், தலைவரே. உங்க கடுதாசிதான் ஆளக் கேக்காம முன்னாடியே வந்துடுச்சு."

செயலாளர் தூலியோ நெளிந்தான். "கோவப்படாத நோர்மா. ஒரு விளக்கம், அவ்வளவுதான்."

"விளக்கம் கேட்டுட்டுக் கையெழுத்துப் போடணும். கையெழுத்துப் போட்டுட்டு விளக்கம் கேக்கிறது எந்த ஊரு நியாயம்டா?"

மடிக்கணினியைத் திறந்து மேஜைமேல் வைத்தாள். தீவின் குரல் மெலிதாக எழுந்து அவள் அழைப்புக்குறியைச் சொன்னது. அதன் பின்னால் 'டக், டக், டக்'.

"பித்தீனியோட வேலி!" என்று சிரித்தார் கிழவர் வால்கெரோ. "இதச் சொல்லி உன்ன எத்தன வருஷமா கேலி பண்றோம்! எந்த ஊர் வாடகை ரிசீவர்ல இது கேக்கும்? பாவம், இந்தப் புள்ள மேல ஏன்யா பழி போட்டோம்?"

தூலியோ மூச்சு விட்டான். அத்தோடு முடிந்திருக்கும். முடிக்கத்தான் நினைத்திருந்தாள் நோர்மா. ஆனால் எஜிதியோ தன் வாரிய தலைமுடியை மெல்லத் தடவிக்கொண்டு, "கம்ப்யூட்டர்ல டக்குன்னு ஒரு சத்தத்தச் சேக்கிறது பெரிய வித்தையா? கடுதாசி போகட்டும். மேல இருக்கிறவங்க பாத்துக்கட்டும்," என்றான்.

வெட்கமில்லாத மனுஷனுக்கு ஊரே வீடு என்பார்கள். நோர்மா மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள்.

"சரி. இன்னொண்ணு கேளுங்க. ஆறாம் நாள், சாயங்காலம் நாலரை. வலது பக்கம் தீவு. இடது பக்கம் கூட்டத்துல நம்ம தலைவர்."

தீவு வலதிலிருந்து எஜிதியோவின் அழைப்புக்குறியைச் சொல்லி, "ஐந்து ஒன்பது" என்றது; நன்றாகக் கேட்கிறது என்று பொருள். இடதில் எஜிதியோவோ பதில் வந்ததே தெரியாமல் தன் குறியை மறுபடி கத்திக்கொண்டிருந்தான். இரண்டு விநாடி கழிந்தது. அவன் கத்தலுக்குப் பின்னால், அவன் அறைக்குள்ளிருந்தே, தீவின் அதே குரல் அதே "ஐந்து ஒன்பது" என்றது. உடனே கத்தல் நின்றது. "ஆ! நன்றி, ஐந்து ஒன்பது!"

யாரும் கிளாஸைத் தொடவில்லை.

"மைக்க அமுக்கினா நம்ம ரேடியோ ஊமையாயிடும்," என்றாள் நோர்மா. "இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அப்ப தலைவர் மைக்க அமுக்கிக் கத்திக்கிட்டிருக்கிறப்போ அவர் ரூம்ல பேசினது எந்த ரேடியோ? ரெண்டு விநாடி பிந்தி வர்ற ரேடியோ எது? இன்டர்நெட்ல வர்றதுதான் பிந்தி வரும். ஹெட்போன் மாட்டினா முடி கலஞ்சிடும்னு ஸ்பீக்கர்ல வச்சுக் கேட்டிருக்கார். மைக் அத அப்படியே முழுங்கிடுச்சு."

எஜிதியோவின் முகம் சுண்ணாம்பாகிப்போனது. "முப்பத்தொரு வருஷமா அந்தப் பாறைக்காகக் காத்திருந்தேன்," என்றான், யாரையும் பார்க்காமல். "அந்தத் தகடுங்க வந்தப்புறம் எனக்கு ஒண்ணுமே கேக்கல. ஒண்ணுமே."

அது உண்மைதான் என்று நோர்மாவுக்குத் தெரியும். ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. வந்து கதவைத் தட்டியிருந்தால், தன் நாற்காலியைக் கொடுத்து, "உக்காரு, என் கம்பியில பேசு," என்றிருப்பாள். அவன் தட்டவில்லை. தன்னுடையது பொய் என்பதால் அவளுடையதும் பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதினான்.

தூலியோ மடிக்கணினியை மூடினான். "சரி விடு நோர்மா. வயசான மனுஷன். நமக்குள்ள எதுக்கு? இத வெளிய சொன்னா சங்கத்துக்கே கேவலம்."

"என் பேர அனுப்பறப்போ சங்கத்துக்குக் கேவலமா இல்லியா?"

"அது வேற..."

"என்ன வேற? அன்னைக்கு உங்ககிட்ட சாட்சியே இல்ல, அஞ்சு பேரு கையெழுத்துப் போட்டீங்க. இன்னைக்கு உங்க காதாலயே கேட்டீங்க. இப்ப மட்டும் விடுன்னா எப்படி? எனக்குன்னா சட்டம், அவருக்குன்னா வயசா? எனக்கு மட்டும் என்ன, பதினாறா?"

தூலியோ தன் பையிலிருந்து அசல் கடிதத்தை எடுத்து, "இந்தா, கிழிச்சுப் போட்டுடறேன். எல்லாம் முடிஞ்சுது," என்று இரண்டு கையாலும் பிடித்தான்.

"கிழிக்காத!"

அவள் போட்ட சத்தத்தில் முன்னறையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள். நோர்மா கடிதத்தை அவன் கையிலிருந்து பறித்தாள்.

"அவர் விஷயத்த அவரே எழுதிப் போடட்டும். நான் யாரையும் காட்டிக்கொடுக்கப் போறதில்ல, அது உங்க வேல. ஆனா இத யாரும் கிழிக்கக் கூடாது. என் பேரும், அதுக்குக் கீழ உங்க அஞ்சு கையெழுத்தும் இங்கயே இருக்கணும்."

சுவரருகே போய், எஜிதியோவின் சாதனைத்தாளைப் பிடித்திருந்த ஊசியைப் பிடுங்கினாள். தாள் தரையில் விழுந்தது. அந்த இடத்தில் கடிதத்தைக் குத்தினாள். கீழே விழுந்ததை எடுக்க யாரும் குனியவில்லை. கடைசியில் எஜிதியோவே குனிந்து எடுத்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒயினைக் குடிக்காமல் வெளியே போனான்.

கடிதம் இன்னும் அங்கேதான் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நோர்மா அதற்கு எதிரே உள்ள நாற்காலியில் உட்காருகிறாள். கையெழுத்துப் போட்டவர்களில் எஜிதியோ போக மற்ற நால்வரும் சுவருக்கு முதுகைக் காட்டி உட்காருகிறார்கள்.