அண்ணை பெயரில் ஏறிய ஹார்ட் டிஸ்க்

1

இந்தக் கதை ஒரு பிழைச் செய்தியில் பிறந்தது. இதைவிடக் கௌரவமான பிறப்பு இதற்கு வாய்க்கவில்லை. மானிப்பாயில் என் மேசையில் ஒரு லினக்ஸ் கணினி இருக்கிறது. ஒரு நாள் ஹார்ட் டிஸ்க்கைச் செருகித் திறக்கப் போனால், "இதைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை" என்றது. என் வீடு, என் மேசை, நான் வாங்கிய டிஸ்க். எனக்கே அனுமதி இல்லையாம். எனக்கு வந்த கோபத்தை அப்படியே எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள்.

இணையத்தில் தேடினேன். முகம் தெரியாத ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார்: ஒரே கணினியை இரண்டு பேர் பாவிக்கும்போது, ஒருவர் டிஸ்க்கைத் தன் பெயரில் மவுண்ட் செய்துவிட்டு, அதாவது கணினியோடு இணைத்துத் திறந்துவிட்டு, வெளியேறாமல் போயிருந்தால், மற்றவருக்கு அது திறக்காது. முதலாமவர் வந்து விட்டுக்கொடுக்க வேண்டும்.

என் பிரச்சினை அதுவல்ல. பழைய கணினியில் எழுதிய கோப்புகளை இந்தக் கணினி வேறு ஆளுடையது என்று நினைத்திருந்தது. ஒரு வரிக் கட்டளையோடு தீர்ந்தது. ஆனால் அந்தப் புண்ணியவானின் வசனம் என்னை விடவில்லை. என் வீட்டில் இன்னொருவர் இல்லை. ஆகவே ஒருவரை உண்டாக்க வேண்டி வந்தது. உண்டாக்கப் போன இடத்தில் இரண்டு பேராக வந்து நின்றார்கள்: ஒரு அண்ணனும் தங்கையும், கதைபேச்சு இல்லாமல்.

2

முதல் தொடக்கம்:

அச்சுவேலிச் சந்தை மெல்ல விழித்துக்கொண்டிருந்த வேளையில் சுபாஜினி கடைக் கதவின்—

வேண்டாம். சந்தை விழிக்கிற கதைகள் போதுமான அளவு வந்துவிட்டன.

இரண்டாம் தொடக்கம்:

அனுமதி என்பது என்ன? ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு—

இது கட்டுரை. எழுதிய கையை நானே தட்டினேன்.

மூன்றாவதுதான் சரியானது. அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை: ஒரு கணினியைக் கிணறு மாதிரிப் பங்கு பிரித்த கதை உங்களுக்குத் தெரியுமா?

அச்சுவேலியில் ஒரே அறைக்குள் ஒரு கடை. கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், கல்வெட்டு* எல்லாம் தங்கை சுபாஜினியின் கை. கலியாண வீடு, பெண்பிள்ளை பெரியவளாகும் சாமத்திய வீடு என்று வீடியோ வேலை எல்லாம் அண்ணன் கிருஷாந்தின் கை. போன மாரியில் இருவருக்கும் முறிந்தது. ஆனால் கடையை விட்டு ஒருவரும் போகவில்லை. முதலில் போகிறவர் தோற்றவர் என்று இருவரும் நினைத்தார்கள்.

தோட்டம் செய்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அவர்களுடைய தகப்பனுக்கு ஒரு பங்குக் கிணறு இருந்தது. ஒரு கிணறு, பல பங்காளிகள், ஆளுக்கொரு முறை. தாய் நடுவில் நின்று அதே சட்டத்தைக் கடைக்கும் கொண்டுவந்தார். காலை முறை தங்கைக்கு, பின்னேர முறை அண்ணனுக்கு. கணினியில் இரண்டு பெயர், இரண்டு கடவுச்சொல். ஹார்ட் டிஸ்க் மட்டும் பொது; இருவருடைய வேலைகளும் அதில்தான். முறை முடிந்தவர் டிஸ்க்கை விட்டு வெளியேறிவிட வேண்டும்.

இத்தனை மாதமும் இது பிசகாமல் நடந்தது. ஒருவர் வரும்போது மற்றவர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

(* கல்வெட்டு என்றதும் அரசர் காலத்துக் கல்லை நினைக்கும் வெளியூர் வாசகருக்கு: இங்கே அது இறந்தவரின் நினைவாக அடிக்கும் சிறு புத்தகம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பது. தேவாரம் இருக்கும், வாழ்க்கை வரலாறு இருக்கும், உறவுமுறை முழுக்க இருக்கும். தேவாரத்தை எத்தனை பேர் படிக்கிறார்களோ தெரியாது. உறவுமுறைப் பக்கத்தை ஒரு எழுத்து விடாமல் படிப்பார்கள்.)

3

எதற்காக முறிந்தது?

முதலில் காணித் தகராறு என்று எழுதினேன். அலுப்பாக இருந்தது, வெட்டினேன். நடந்தது இதுதான். தகப்பன் தவறிய அன்று மரண அறிவித்தலை கிருஷாந் தானே அடித்தான். அழுது களைத்த தங்கையை எழுப்ப மனமில்லாமல் அடித்தான். மருமக்கள் வரிசையில் சுபாஜினியின் கணவன் டிலக்ஷனின் பெயர் இல்லை.

டிலக்ஷன் காங்கேசன்துறைப் பக்கத்துக் கடற்றொழில் குடும்பம். சுபாஜினி விரும்பிக் கலியாணம் முடித்தவள். தகப்பன் கடைசிவரை அந்த வீட்டுப் படி ஏறவில்லை. ஆகவே அறிவித்தலைப் பார்த்த சனம் தற்செயல் என்று நினைக்கவில்லை. டிலக்ஷனோ பந்தலில் கதிரை அடுக்கிக்கொண்டு நின்றான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"கை தவறிப் போச்சுது, சுபா" என்றான் கிருஷாந்.

"உங்கடை கை எங்கை தவறும், எங்கை தவறாது எண்டு எனக்குத் தெரியும்" என்றாள் சுபாஜினி. அதுதான் கடைசியாகக் கதைத்தது.

கிருஷாந் வேண்டுமென்றே விட்டானா? என்னைக் கேட்காதீர்கள். இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். வேண்டுமென்றே விட்டவனாக எழுதினால் அவன் எனக்கே பிடிக்காத ஆளாகிவிடுகிறான். கை தவறியவனாக எழுதினால் சுபாஜினி பிடிவாதக்காரி ஆகிவிடுகிறாள். கதையை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். நம்பாதீர்கள்.

4

இனிக் கதை நடக்கிற காலை.

கடை திறக்க முன்னமே மகாதேவி அம்மா வாசலில் நின்றார். அவருடைய கணவர் தம்பிஐயா சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நாளைக்கு அவருடைய அந்தியேட்டி. கல்வெட்டை மத்தியானத்துக்குள் அச்சகத்துக்குக் கொடுத்தால்தான் விடிய முன்னம் கையில் வரும். முதல் நாள் கொடுத்த மாதிரிப் பிரதியை அவர் சுருட்டிக் கையில் பிடித்திருந்தார்.

"பிள்ளை, றோஸின்ரை பேர் எங்கை?"

சுபாஜினி வாங்கிப் பார்த்தாள். மருமக்கள் வரிசையில் கடைசிப் பெயர் றோஸ். அது இல்லை.

"அவள்தான் அந்த மனிசனுக்குக் கடைசி மட்டும் சோறு பிசைஞ்சு தீத்தினவள். அவளின்ரை பேர் இல்லாமல் நான் உந்தப் புத்தகத்தை ஆரின்ரை கையிலை குடுக்கிறது?"

"இருங்கோம்மா, ரெண்டு நிமிசம். திருத்தித் தாறன்."

கணினியைத் தட்டினாள். திரையில் அண்ணனின் பெயர் நின்றது. வெளியேறாமல் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஆளை மாற்றித் தன் பெயரில் உள்ளே போனாள். ஹார்ட் டிஸ்க்கை அழுத்தினாள்.

அனுமதி இல்லை.

இன்னொரு தரம் அழுத்தினாள். அனுமதி இல்லை. பிழைச் செய்திக்குள் அண்ணனின் பெயர் இருந்தது: டிஸ்க் அவன் பெயரில் மவுண்ட் ஆகியிருக்கிறது. அதன் சின்ன நீல விளக்கு ஓயாமல் மினுங்கியது. அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று. நேற்று இரவு ஏதோ ஒரு கலியாண வீடியோவை ஓடவிட்டுப் போயிருக்கிறான். அது முடியவில்லை, இன்னும் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கிறது.

5

(லினக்ஸ் தெரிந்த வாசகர்கள் கையை உயர்த்துவது தெரிகிறது. கட்டளைத் திரையைத் திறந்து நிர்வாகியாக நுழையலாமே என்கிறீர்கள். நுழையலாம். ஆனால் இந்தக் கணினியின் நிர்வாகி கிருஷாந். சுபாஜினி சாதாரணப் பயனர். அவளும் சும்மா இருக்கவில்லை. டிஸ்க்கைக் கழற்றும் கட்டளையைக் கொடுத்தாள், உனக்கு அந்த உரிமை இல்லை என்றது. இந்த நிரந்தரத் தலையிடிக்கு நிரந்தர மருந்தும் உண்டு: கணினி எழும்பும்போதே டிஸ்க்கை இருவருக்கும் பொதுவான ஓர் இடத்தில் மவுண்ட் செய்யும்படி ஒரு வரி எழுதி வைக்கலாம். அதை எழுதவும் இரண்டு பேரும் ஒரு தரம் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.)

(அண்ணனின் கடவுச்சொல்லை அவள் ஊகிக்கிறாள், அது தங்கையின் பெயராகவே இருக்கிறது, அவள் கண் கலங்குகிறாள் என்று ஒரு பக்கம் எழுதினேன். நல்லாகத்தான் இருந்தது. கிழித்தேன்.)

மிச்சம் இருந்தது ஒரு வழி. வயரைப் பிடுங்குவது. பிடுங்கித் திரும்பச் செருகினால் டிஸ்க் அவள் பெயரில் ஏறும். கல்வெட்டு இரண்டு நிமிடத்தில் முடியும். அண்ணனின் இரவு முழுக்க ஓடிய வேலை அந்த இடத்திலேயே போய்விடும். மாப்பிள்ளை வீட்டார் பின்னேரம் வந்து கேட்கும்போது அவன் கையைப் பிசைந்துகொண்டு நிற்பான்.

"என்ன பிள்ளை, பழுதோ?"

"பழுதில்லை அம்மா. அண்ணை டிஸ்க்கை விட்டிட்டுப் போகேல்லை."

"அப்ப உந்த வயரைப் பிடுங்கி விடன். எங்கடை வீட்டு ரீவிக்கும் அதுதான் வைத்தியம்."

நியாயம் அவள் பக்கம் இருந்தது. இது அவளுடைய முறை. அவன்தான் விதியை மீறினான். கரண்ட் போனது என்று சொன்னால் யார் கண்டது? அவள் வயரைப் பிடித்தாள். அந்த நேரம் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம் கூட வந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

6

மகாதேவி அம்மா கதிரையை அரக்கிக்கொண்டு கிட்ட வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"உண்மையைச் சொல்லு பிள்ளை. வேதக்காரி, சேர்ச்சுக்குப் போறவள் எண்டு றோஸின்ரை பேரை எடுக்கச் சொல்லி எங்கடை ஆக்கள் ஆரும் சொன்னவையோ?"

"ஐயோ, இல்லையம்மா. கை தவறிப் போச்சுது."

சொல்லி முடிக்க முன்னமே அவளுக்குக் கேட்டுவிட்டது. அண்ணன் சொன்ன அதே சொல்.

எப்படித் தவறியிருக்கும் என்பதும் உடனே தெரிந்தது. வரிசையில் ஒரு பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்தாள். வரி ஒன்று கூடியது, கடைசிப் பெயர் பெட்டிக்குக் கீழே இறங்கி மறைந்துவிட்டது. அழியவில்லை. அங்கேயேதான் கிடக்கும், பார்க்கிறவருக்குத் தெரியாது. டிலக்ஷனும் கடைசி மருமகன்தான்.

மகாதேவி அம்மா அவள் முகத்தைப் பார்த்தார். "சரி, அப்ப திருத்து" என்றார். நம்பிவிட்டார். அவ்வளவுதான். சுபாஜினிக்கு வெட்கமாக இருந்தது. முன்பின் தெரியாத ஒரு மனுசி ஒரு மூச்சில் கொடுத்ததை அவள் அண்ணனுக்கு ஒரு மாரியும் ஒரு கோடையும் கொடுக்கவில்லை.

(இந்த இடத்தைப் படித்த நண்பர் ஒருவர், இது மிகவும் வசதியான தற்செயல், வாசகர் ஒப்பமாட்டார் என்றார். ஒரு நாளைக்கு நூறு பெயர் அடிக்கிற கடை இது. பெயர் விடுபடாமல் இருந்தால்தான் தற்செயல். இருக்கட்டும் என்று விட்டேன்.)

(இதனால் கிருஷாந் வேண்டுமென்றே விடவில்லை என்று ஆகிவிடாது. சுபாஜினிக்கும் அது தெரியும். அவள் கை தவறியது அவள் கையைப் பற்றி மட்டும்தான் சொல்லும்.)

7

முடிவுகள்.

அ) வயரைப் பிடுங்குகிறாள். றோஸ் கல்வெட்டில் ஏறுகிறாள், அண்ணன் எடுத்த கலியாண வீடியோ அழிகிறது. எழுதிப் பார்த்தேன். எழுதும்போது விறுவிறுப்பாக இருந்தது, வாசிக்கும்போது அவளைப் பிடிக்கவில்லை.

ஆ) மகாதேவி அம்மாவே கிருஷாந்தைக் கூப்பிட்டு இருவரையும் சேர்த்துவைக்கிறார். அவருக்கு நாளைக்கு வீடு நிறையச் சனம். அவரை ஏன் வருத்துவான்?

இ) சுபாஜினி வயரை விடுகிறாள்.

விட்டாள். தகப்பனின் கிணற்றில் ஒரு வழக்கம் இருந்தது. முறை மாறினாலும், வாய்க்காலில் ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர் இறைத்தவனுக்கே. அது அவன் பாத்தியில் போய் விழும்வரை அடுத்தவன் அதை மறிக்க மண்வெட்டியை வைக்கமாட்டான். சண்டைக்காரனாக இருந்தாலும் வைக்கமாட்டான். நீல விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. அது அவன் இறைத்த தண்ணீர்.

ஃபோனை எடுத்தாள். அண்ணனின் எண்ணை அவள் அழித்திருக்கவில்லை. அவன் கடவுச்சொல்லைச் சொன்னாலும் போதும், வந்து ஒரு வரி தட்டினாலும் போதும். அவன் வீடியோவும் ஓடும், அவளுக்கும் டிஸ்க் திறக்கும். இரண்டு பாத்தியும் நிறையும். கேட்டால் மட்டும் போதும்.

மணி போனது. எடுத்தான். பின்னால் மோட்டார் சைக்கிள் ஒன்று போகிற சத்தம் கேட்டது.

"அண்ணை" என்றாள்.

"ஓம்" என்றான்.

இதற்கு அடுத்த வசனம் என்னிடம் இரண்டு இருக்கிறது.

ஒன்று: "ஹார்ட் டிஸ்க் உங்கடை பேரிலை நிக்குது. ஒருக்கா வந்து எனக்கும் திறந்து விடுங்கோ."

மற்றது: "அப்பாவின்ரை அறிவித்தலிலை கடைசிப் பேர் பெட்டிக்குக் கீழை போனதோ அண்ணை?"

முதலாவதைக் கேட்டால் றோஸின் பெயர் ஏறும். இரண்டாவதைக் கேட்டால் டிலக்ஷனின் பெயரும் ஏறக்கூடும். அல்லது அண்ணன் பேசாமல் நிற்க, தான் அறிய விரும்பாத ஒன்றை அவள் அறியவும் கூடும். அவள் வாயைத் திறந்துவிட்டாள். அவன் காத்திருக்கிறான். மகாதேவி அம்மா மணிக்கூட்டைப் பார்க்கிறார்.

எந்த வசனம் என்று எனக்கு ஒரு விருப்பம் உண்டு. சொல்லமாட்டேன். இவ்வளவு நேரமும் இந்தக் கதை என் பெயரில்தான் ஏறி நிற்கிறது. நான் உள்ளே இருக்கும்வரை உங்களுக்கு இது திறக்காது. என் முறை முடிந்தது.

வெளியேறுகிறேன். அவள் இன்னும் ஃபோனைக் காதில் வைத்திருக்கிறாள். கதையுங்கள்.