வழியில் நிற்கும் குண்டுகள்

நீதான் கெடுத்தாய். ரிப்பேருக்குக் கொடுத்த என் பலூன் சுடும் துப்பாக்கியை, போல்ட்டை இழுத்த நிலையிலேயே மழைக்காலம் முழுக்க உன் கடைப் பரணில் போட்டு வைத்தாய். அப்படி வைத்தால் உள்ளே ஸ்பிரிங் தளரும் என்று பலூன் கடைக்காரன் எவனுக்கும் தெரியும். இது தளரவில்லை. காத்திருக்கப் பழகிவிட்டது.

இப்போது சுட்டால் குண்டு வெளியே வருகிறது. பாதி வழியில் நின்றுவிடுகிறது. வேளாங்கண்ணிக் கடற்கரையில், என் கடைக்குள், மார்பு உயரத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் குண்டுகள் அந்தரத்தில் நிற்கின்றன. கடல்காற்றுக்கு அசைவதில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. கம்பியில் துணி சுற்றிக் குழாயைத் துடைத்தேன். பிஸ்டன் வாஷரை மாற்றினேன். சிலிக்கான் எண்ணெய் விட்டேன். குண்டுகள் ஒரு சாண் நகர்ந்தன. மறுபடியும் நின்றன.

சுட்டவர்கள் வீட்டுக்குப் போவதில்லை. மணலில் உட்கார்ந்து அவரவர் குண்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அண்ணே, பரிசு எப்ப?" என்றான் மீன்வண்டி ஓட்டுகிற லூர்துராஜ்.

"குறி தவறலையே தம்பி. குண்டு வழியில இருக்கு."

"பாதி வழி போயிருச்சுல்ல? பாதி பரிசு குடுங்க."

"எந்தப் பாதி வேணும்?"

கரடிப் பொம்மையின் தலைப் பக்கத்தை வெட்டிக் கொடுத்தேன். கால் பக்கமும் கேட்டுப் பார்த்தான். பேரத்தில் என்னிடம் ஜெயிக்க முடியுமா? தலையை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

அதெல்லாம் போகட்டும். என் மனைவி ஜெபமலர் புதுப் பலூன் கட்ட உள்ளே போனாள். துப்பாக்கிக்கு முன்னால் போகிற எதுவும் நின்றுதான் போகும் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. ஒரு கால் தரையில், ஒரு கால் தூக்கியபடி, இரண்டு கையிலும் பலூன்களோடு குண்டுகளுக்கு நடுவே நிற்கிறாள். பேசுகிறாள். பேச்சு மெதுவாக வருகிறது. "என்னங்க, உலைய எறக்கினீங்களா?" என்று கேட்டது என்னிடம் வந்து சேர்ந்தபோது சோறு கருகி, பானையைக் கழுவிக் கவிழ்த்தும் விட்டிருந்தேன். "எறக்கிட்டேன்" என்றேன். அது இன்னும் அவளிடம் போய்ச் சேரவில்லை.

பலூன் வெடிக்கும் சத்தம் அவளுக்கு ஆகாது. யார் துப்பாக்கியைத் தூக்கினாலும் முதலில் இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொள்வாள். அவளைக் கட்டி இத்தனை வருஷமாகிறது, அது மட்டும் மாறவில்லை.

முதல் குண்டு நேற்றுப் போய்ச் சேர்ந்தது. சிவப்புப் பலூன் உடைந்து ரப்பர் தொங்கியது. சத்தம் இன்னும் வரவில்லை. அங்கிருந்து கிளம்பிவிட்டது, வழியில் இருக்கிறது. எங்களுக்கு முன்னால் அவளிடம்தான் வரும். அவள் கைகளில் பலூன்கள்.

கடற்கரையில் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். லூர்துராஜ் கரடித்தலையின் காதுகளைப் பொத்தியிருக்கிறான். பழைய ஸ்பிரிங்கோ புது ஸ்பிரிங்கோ, எதையாவது எடுத்துக்கொண்டு வா. சத்தம் அவளைத் தொடுவதற்குள் வந்து சரி செய்.