கரும்பு வெட்டட்டும், பார்க்கலாம்

தேன் எடுக்கப் போன முலோங்கோ, தன் கரும்பையும் பக்கத்துக் கரும்பையும் சேர்த்துக் கொளுத்திவிட்டுத் திரும்பி வந்தார். தேன் கிடைக்கவில்லை. தேனீக்கள் மட்டும் சேதாரமில்லாமல் பறந்துபோய், தூரத்து யூக்கலிப்டஸ் மரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன.

அவர் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு கரும்புக் காடுகளுக்கும் நடுவே வரப்பில் நின்ற மரத்தின் பொந்தில் கூடு இருந்தது. காய்ந்த கரும்புச் சோகையைப் பந்தாகச் சுருட்டி, பற்றவைத்து, புகை காட்டினார். தேனீ ஒன்று காதுக்குள் நுழையப் பார்த்தது. முலோங்கோ கையை உதறினார். தேனீ போகவில்லை, பந்துதான் போனது. போய்க் கரும்புக்குள் விழுந்தது. மழைக்கு முந்தைய காற்று வேறு. ஊரே மரக்கிளைகளோடு ஓடிவந்து அடித்துப் பார்த்தது. தீ தன் வேலையை முடித்துக்கொண்டுதான் அடங்கியது.

பக்கத்துக் காடு நஞ்சாலாவுடையது. அங்கேதான் சிக்கல்.

முலோங்கோவுக்கு மனைவி இறந்து வருஷங்கள் ஆகின்றன. நஞ்சாலாவின் கணவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். போன ஈஸ்டருக்கு மறுநாள் வேலியோரம் நின்று, மாட்டைப் பற்றி, மழையைப் பற்றி, நைரோபியில் பஸ் ஓட்டும் தன் மகனைப் பற்றியெல்லாம் சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, கடைசியில் முலோங்கோ கேட்டேவிட்டார்: "நாம ஒரே வீட்டுல இருந்தா என்ன?"

"கரும்பு வெட்டட்டும், பார்க்கலாம்" என்றாள் நஞ்சாலா.

அந்த வட்டாரத்தில் இதைவிட மோசமான பதில் கிடையாது. கரும்பை எப்போது வெட்டுவார்கள் என்பது கடவுளுக்கும் ஆலைக்கும் மட்டும்தான் தெரியும். அதிலும் ஆலைக்குத் தெரியுமா என்பது சந்தேகம். முதலில் கொதிகலன் பழுது என்றார்கள். அது சரியானதும் வெட்டுக்கு ஆள் இல்லை என்றார்கள். ஆள் வந்தபோது டிராக்டர் இல்லை. கரும்பு முற்றி, பூத்து, வெள்ளைக் குஞ்சத்தை ஆட்டிக்கொண்டு நின்றது. முலோங்கோவும் ஏறக்குறைய அப்படித்தான் நின்றார்.

அதற்குள் இந்தத் தீ.

எரிந்த கரும்பு இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும். ஆலை உடனே எடுத்தாக வேண்டும். அதனால் காத்திருந்து சலித்தவர்கள் தங்கள் கரும்புக்குத் தாங்களே தீ வைத்துக்கொள்வது அங்கே நடக்காத காரியமில்லை. ஊர் நிதானமாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்தது. மறுநாள் காலை டீக்கடையில் சிமியு அதை அறிவித்தான்.

"அவசரக்கார மாப்பிள்ளைங்கள நானும் பாத்திருக்கேன். பதில் சீக்கிரம் வரணும்னு ரெண்டு காட்ட கொளுத்தின மாப்பிள்ளைய இப்பத்தான் பாக்குறேன்."

"தேனீ, சிமியு. தேனீ."

"சரிண்ணே, தேனீதான். காது ஏன் எண்ணெயில போட்ட மண்டாசி மாதிரி உப்பியிருக்கு?"

"அதான் சொல்றேனே, தேனீ!"

கடை சிரித்தது. ஒருவர் முலோங்கோவின் டீக்குத் தானே காசு கொடுத்தார். முலோங்கோவை அதுவரை யாரும் தந்திரக்காரர் என்று சொன்னதில்லை. தன் பசுவிடமே இரண்டு முறை ஏமாந்தவர் அவர். அதனால் உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. அடுத்த நிமிஷமே நஞ்சாலாவின் கருகிய காடு ஞாபகம் வர, டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆலையின் வட்டார ஆபீசுக்கு ஓடினார். அங்கே கீசா இருந்தார், கரும்பு ஆபீசர்.

"வண்டி எப்ப சார் வரும்?"

"வந்துட்டே இருக்கு."

"எங்க வந்துட்டே இருக்கு?"

"வழியில."

"எந்த வழியில?"

"முலோங்கோ, வழின்னா வழிதான்."

திரும்பிக் காட்டுக்கு வந்தார். ஒரு கரும்பை உடைத்துக் கடித்துப் பார்த்தார். இனித்தது. இன்னொன்றைக் கடித்தார். லேசாகப் புளித்த மாதிரி இருந்தது. புளித்தது கரும்பா, தன் வாயா என்று தெரியவில்லை. நஞ்சாலா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோவமா?" என்று கேட்டார்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் அவள்.

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. மறுபடி ஆபீசுக்கு. அங்கிருந்து ரோட்டு முனைக்கு. புங்கோமா டவுன் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு டிராக்டருக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். ஒன்று மணல் வண்டி. ஒன்றில் கல்யாணக் கூட்டம். கை காட்டிவிட்டுப் போனார்கள். திரும்பவும் ஆபீசுக்குப் போனபோது கீசாவுக்கே பொறுக்கவில்லை.

"இங்க பாருங்க. இருக்கிறது ஒரே வண்டி. எரிஞ்ச கரும்பு ஏகப்பட்டது. ஒருத்தர் தேனீங்கிறார், ஒருத்தர் சிகரெட்ங்கிறார், ஒருத்தர் இடி விழுந்துச்சுங்கிறார், மேகமே இல்லாம. தானா பத்தின தீன்னா வரிசையில நிக்கணும். எவனோ வேணும்னு வச்சான்னா, பாதிக்கப்பட்டவங்களுக்கு முதல் வண்டி, வச்சவனுக்குக் கடைசி. அதான் சட்டம்."

முலோங்கோ வீங்கிய காதைத் தடவிக்கொண்டார்.

"அப்ப நான்தான் வச்சேன்."

"தேனீன்னீங்களே?"

"பொய் சொன்னேன். வேணும்னேதான் வச்சேன்."

"எதுக்கு?"

"டீக்கடையில கேளுங்க சார். என்னைவிட நல்லா சொல்வாங்க."

அன்றைக்கு மத்தியானமே வெட்டுக்காரர்கள் நஞ்சாலாவின் காட்டில் இறங்கினார்கள். சாயங்காலத்துக்குள் முகமெல்லாம் கரியாகி, ஆளுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. முலோங்கோவும் கட்டுகளைத் தூக்கிப் போட்டார். பெரும்பாலும் தன் கால்மேலேயே போட்டுக்கொண்டார். வரப்புக்கு இந்தப் பக்கம் அவருடைய கரும்பு கேட்பாரற்று நின்றது. வெயிலில் அதிலிருந்து கள்ளுக்கடை வாசம் கிளம்ப ஆரம்பித்திருந்தது.

கடைசி பாரம் குலுங்கிக் குலுங்கி ரோடு ஏறியது. நஞ்சாலா கெட்டிலில் டீயோடு வந்து, வெட்டிய கரும்பின் அடிக்கட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். முலோங்கோவால் உட்கார முடியவில்லை. கட்டை இனி மறுபடி தழைக்கும் என்றார். மழை வரும்போல இருக்கிறது என்றார். மாடு சரியாகத் தின்பதில்லை என்றார்.

"ஒண்ணு கேக்கிறேன்" என்றாள் அவள். "வேணும்னுதான் வச்சீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஒரு பெண்ணுக்காகக் காட்டையே கொளுத்தியவன் என்றால் கேட்க ஒரு மாதிரி நன்றாகத்தான் இருக்கிறது. ஒற்றைத் தேனீக்குப் பயந்து கொளுத்தியவன் என்பது அப்படி இல்லை.

"இல்ல. தேனீ காதுல பூந்துருச்சு."

"கீசாகிட்ட வேற மாதிரி சொன்னீங்களாமே."

"வண்டி அனுப்ப அவருக்கு ஒரு காரணம் வேணும்னாரு. குடுத்தேன்."

"உங்க கரும்பு?"

"அது கெடக்கு. புளிச்சா புளிக்கட்டும்."

அவள் அந்தக் கருகிய கரும்பையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "தேன் எதுக்கு?"

"உங்களுக்குத்தான். வெறுங்கையோட வந்து பதில் கேக்க ஒரு மாதிரி இருந்துச்சு."

தீப்பிடித்ததிலிருந்து முதல் தடவையாக அவள் சிரித்தாள். கரி முகத்தில் பல் மட்டும் தெரிந்தது. முலோங்கோ டிராக்டர் போன தடத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார்:

"கரும்பு வெட்டியாச்சு."

"வெட்டியாச்சு." அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். "உங்க வீட்டுக்கு நான் வரமாட்டேன். வந்தா மறுநாளே என் கொழுந்தனுங்க இந்த மண்ணு எங்களுதுன்னு ஏர் ஓட்டிருவாங்க. அதச் சொல்ல மனசு வராமத்தான் இத்தனை நாளா கரும்பு, கரும்புன்னுட்டு இருந்தேன்."

முலோங்கோ தலையை ஆட்டினார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல், கீழே கிடந்த சைக்கிளை நிமிர்த்தினார்.

"உக்காரு. நான் இன்னும் முடிக்கல" என்றாள் நஞ்சாலா. "நான் வரமாட்டேன்னுதான் சொன்னேன். நீ இங்க வா. பொண்டாட்டி வீட்டுல போய் உக்காந்தவன்னு ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும், உனக்கு அது பழக்கம்தானே. தீப்பெட்டிய மட்டும் அங்கயே வச்சிட்டு வா."