ஜெகஜோதி பட்டுச் செருப்பு

தான் நெய்த பட்டு செருப்பாகப் போகிறது என்று பாலுவுக்குத் தெரிந்தபோது அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பாதி டீ சட்டையில் இறங்கியது. மீதியை அவர் குடிக்கவே இல்லை.

"மொதலாளி, இத்த நான் தலகாணி ஒறைன்னு நெனச்சிகினு நெய்ஞ்சேன்."

"தலையில வச்சா என்னா, கால்ல வச்சா என்னா பாலு? பட்டு பட்டுதான்" என்றார் ஜெகநாதன்.

பாலு இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். ஆரணியில் தறியில் உட்காருகிறவர்கள், கால் தவறி நூலில் பட்டுவிட்டால்கூட அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். பட்டுக் கடைக்கு வருகிறவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் மெத்தையில் உட்கார வேண்டும். அப்பேர்ப்பட்ட ஊரில், ஜெகஜோதி சில்க்ஸ் உரிமையாளர் ஜெகநாதன் கல்யாணப் புடவைக்கு மேட்ச்சாகப் பட்டுச் செருப்பு விற்கப் போகிறார். "பட்டுக் கடைக்குள்ள போட்டுகினு வரக்கூடிய செருப்பு, ஒலகத்துலயே இது ஒண்ணுதான்" என்பது அவருடைய வாதம். உலகத்தை அவர் பக்கத்திலிருக்கும் போளூர் வரைக்கும் நன்றாக அறிந்தவர்.

செருப்பைச் செய்துகொடுத்த ஆம்பூர் அருள்தாஸும் முதல் நாளே ஆடிப்போனார். தோல் கூடாது என்றார் ஜெகநாதன். பட்டு இருக்கிற இடத்தில் தோல் வந்தால் லட்சுமி நிற்கமாட்டாளாம். சரி, அடியில் ரப்பர் ஒட்டித் தருகிறேன் என்றார் அருள்தாஸ்.

"கல்யாணப் பட்டுக்கு அடியில ரப்பரா? அதுக்கு ஹவாய் செருப்பே போட்டுகினு போலாமே!"

"வழுக்கும் சார்."

"அடியிலயும் பட்டுதான். கால தூக்குனா ஜரிக தெரியணும்."

"கண்டிப்பா தெரியும் சார்" என்றார் அருள்தாஸ்.

அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு அறிமுக விழாவில் நடக்க வேண்டியவள் ஜெகநாதனின் ஒரே மகள் லாவண்யா. நாலு விரல் உயரத்துக்கு ஹீல். விழா ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை லாவண்யாவுக்கு வேலூரில் எஸ்.ஐ. வேலைக்கான உடல்தகுதித் தேர்வு. ஓட வேண்டும், நீளம் தாண்ட வேண்டும். எழுத்துத் தேர்வில் ஏற்கெனவே பாஸ்.

போன முறையும் இதே கட்டம் வரை வந்தவள்தான். தேர்வுக்கு முந்தின வாரம் சித்தி மகள் கல்யாணம். குச்சி ஹீல்ஸ் போட்டுக்கொண்டு பந்தியிலிருந்து கை கழுவப் போனாள். சோப்புத் தண்ணீரும் ரசமும் கலந்து ஓடிய தரையில் ஒரு கால் மட்டும் தனியாகக் கிளம்பிப் போனது. தேர்வன்று கட்டுப்போட்ட கணுக்காலோடு வீட்டில் படுத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விபத்தைப் பற்றி அப்பா சொன்ன ஒரே கருத்து, நல்ல வேளை புடவையில் ரசம் படவில்லை என்பது. இந்த முறையும் தவறினால் வயது தாண்டிவிடும்.

"நான் நடக்க மாட்டேம்ப்பா. கால் போச்சின்னா எல்லாம் போச்சு."

"நாலு எட்டு நடக்கறதுக்கு என்னா பேஜாரு? நாளைக்கு திருடன தொரத்தப் போறவ, மேடையில நடக்க பயப்படறியே!"

"திருடன தொரத்தறப்ப யாரும் ஹீல்ஸ் போட மாட்டாங்கப்பா."

"இதோ பாரு. ஞாயித்துக்கெழம நடந்தா, புதங்கெழம நீ வேலூர் போற. நடக்கலன்னா போவல. அவ்ளோதான்."

பஸ் ஏறிப் போய்விடலாம்தான். ஆனால் அவளுடைய சான்றிதழ்கள் அப்பாவின் பீரோவில் இருந்தன. பீரோ சாவி அப்பாவின் இடுப்பில் இருந்தது. இடுப்பு சுலபமாக நெருங்கக்கூடியதாக இல்லை.

ஞாயிறு காலை மகளுக்குப் புடவை கட்டிவிட உட்கார்ந்த லீலா, கீழே பார்த்ததும் "ஐயையோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அரக்குக் கலர் கல்யாணப் பட்டுக்கு அடியில் லாவண்யாவின் ஓட்டப்பந்தய ஷூ. கண்ணைப் பறிக்கிற கிளிப்பச்சை.

"என்னாடி இது? ஷோரூமுக்குள்ள ஷூவா? உங்கப்பா பாத்தாரு, அங்கயே உசுர உட்ருவாரு."

"அந்த செருப்ப கொஞ்சம் தொட்டுப் பாரும்மா. அடியில."

லீலா பட்டுச் செருப்பைக் கவிழ்த்து உள்ளங்கையால் தடவினாள். கை வழுக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் இடித்தது. பிறகு கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தாள்.

"கொசுவத்த ரெண்டு வெரக்கட எறக்கிக் கட்டறேன். மெதுவா நட. இந்தப் பச்சய விட்டா வேற கலரே கெடைக்கலியா உனக்கு?"

"இது ஓடறதுக்கு வாங்கனதும்மா. ஒளிய வைக்க வாங்கல."

ஷோரூமின் நடுவே மேடை போட்டிருந்தார்கள். கீழே கருப்பு கிரானைட், முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குப் பாலிஷ். கம்பளம் விரிக்கலாமே என்று பணியாளர்கள் கேட்டதற்கு, செருப்பின் அடி ஜரிகை தரையில் பிரதிபலிக்க வேண்டாமா என்று ஜெகநாதன் கேட்டார். மேடைக்குப் பக்கத்தில் பன்னீர் தெளிக்கும் மெஷின் ஒன்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பி, வந்தவர்களையும் வராத இடத்தையும் நனைத்துக்கொண்டிருந்தது. மேடையின் கோடியில் ஆளுயரக் குத்துவிளக்கு, ஐந்து முகமும் ஏற்றி. அதற்குப் பின்னால் திரைச்சீலை மாதிரி தொங்கவிட்ட பட்டுப் புடவைகள்.

சிறப்பு விருந்தினர் பட்டு வியாபாரிகள் சங்கத் தலைவர் தனகோடி. பட்டைக் காலில் போட்டு மிதிப்பதா என்று ஊரில் முதலில் கொதித்தவர் அவர்தான். விழா அழைப்புப் பத்திரிகையில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் பார்த்ததும் ஆறிவிட்டார். ஜெகநாதனும் அவரும் ஆளுக்கொரு ஜோடி பட்டு ஷூ அணிந்திருந்தார்கள். அடியிலும் ஜரிகை. முனை மேல்நோக்கி வளைந்திருந்தது.

"ஆரணி பட்டு இதுவரைக்கும் ஒடம்புல இருந்துச்சி" என்று மைக்கில் தொடங்கினார் ஜெகநாதன். "இன்னியிலருந்து அது பாதாதிகேசம்! ஜெகஜோதி ஒரு அடி முன்னால எடுத்து வைக்குது!"

சொன்னதோடு நிற்காமல் எடுத்தும் வைத்தார். கால் மட்டும் முன்னால் போனது. ஜெகநாதன் பின்னாலேயே நின்றுவிட்டார். இரண்டுக்கும் நடுவே இருந்த தூரம் கூடிக்கொண்டே போக, மைக் வழியாக "அம்மா" என்று ஒரு சத்தம் வந்தது. பக்கத்தில் இருந்த தனகோடியின் ஜரிகைத் துண்டைப் பிடித்தார். துண்டு தனகோடியின் கழுத்தைச் சுற்றியிருந்தது. ஆகவே தனகோடியும் கிளம்பினார். இருவரும் உட்கார்ந்த வாக்கில், அக்கம்பக்கமாக, மேடையின் கோடிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஜெகநாதனின் கால் குத்துவிளக்கின் அடியில் இடித்தது. விளக்கு, புடவைகளின் பக்கமாகச் சாய்ந்தது.

அப்பாவுக்குப் பின்னால் அடிமேல் அடி வைத்து வந்துகொண்டிருந்த லாவண்யா, கொசுவத்தைக் கையில் அள்ளினாள். ஓடினாள். ஈரத் தரையில் அவள் கால் ஒரு இடத்திலும் பிசகவில்லை. கீழே கிடந்த சங்கத் தலைவரையும் அப்பாவையும் ஒரே தாண்டில் தாண்டி, சாய்ந்த விளக்கின் கழுத்தைப் பிடித்து நிறுத்தினாள். சூடான நல்லெண்ணெய் அவள் கால்மேல் கொட்டியது. ஷூவின் பச்சையில் கறுப்பாகப் பரவியது. கால் தப்பித்தது. திரிகள் தரையில் விழுந்து புஸ்ஸென்று அணைந்தன. அந்தப் பன்னீர் மெஷின் அன்று செய்த ஒரே நல்ல காரியம் அது.

எல்லாரும் லாவண்யாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் வாய் திறந்தவர் தனகோடி, தரையிலிருந்தபடியே.

"ஷோரூமுக்குள்ள ஷூவா!"

"ஷூவா!" என்றது கூட்டம். புடவைகளோடு கடையே பற்றி எரிந்திருக்கும் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

"இருக்கட்டும்ங்க" என்றாள் லீலா, மேடையில் ஏறிவந்து. "நீங்க போட்டுகினு இருக்கறது என்னாங்க? கிரீடமா?"

தனகோடி தன் காலைப் பார்த்தார். ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று பறந்துபோய் முன்வரிசையில் பாலுவின் மடியில் விழுந்திருந்தது. பட்டு கையில் பட்டதும் பாலு பழக்கதோஷத்தில் அதை எடுத்துப் பக்தியோடு இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். ஒற்றிய பிறகுதான் அது என்ன என்று பார்த்தார். அன்று ஆரணியில் எத்தனையோ பேர் அதிர்ச்சி அடைந்தார்கள். பாலு அளவுக்கு யாரும் அடையவில்லை. நேராக வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினார், சோப்புப் போட்டு.

ஜெகநாதனுக்கு வலது கணுக்காலில் எலும்பு முறிவு. மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவர், மயக்கம் தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "வீடியோ எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க" என்றாள் லீலா. "போளூர் பக்கம் சந்தவாசல் வரைக்கும் போய்க்கினு இருக்குது."

ஜெகநாதன் கண்ணை மூடிக்கொண்டார். உலகத்தில் கணிசமான பகுதி பார்த்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் லாவண்யா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பீரோ சாவி வேணும்ப்பா. விடியக்காலையில கெளம்பணும்."

"நடந்தாதான் அனுப்பறேன்னு சொன்னேன்" என்றார் ஜெகநாதன், விட்டத்தைப் பார்த்துக்கொண்டு. "நீ எங்க நடந்த? ஓடன."

இந்த நிலைமையில் இப்படி ஒரு நியாயம் வரும் என்று லாவண்யா எதிர்பார்க்கவில்லை. லீலா எழுந்தாள்.

"உங்கள என்னாங்க சொன்னாங்க பத்திரிகையில? தலைமை ஏற்று நடத்துவார்னுதான? நீங்க படுத்துக்கலியா?"

சொல்லிக்கொண்டே, தலையணைக்கு அடியில் மடித்து வைத்திருந்த வேட்டியைப் பிரித்தாள். கணவரின் இடுப்பிலிருந்து ஆஸ்பத்திரிக்காரர்கள் முதல் நாளே கழற்றிக் கொடுத்திருந்த சாவி அதில் இருந்தது. எடுத்து மகள் கையில் வைத்தாள். ஜெகநாதன் எழுந்திருக்கப் பார்த்தார். கால் இருந்த இடத்திலேயே இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் ஃபோன் வந்தபோது, ஆஸ்பத்திரி வார்டைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தரை பளபளவென்று ஈரமாக இருந்தது. லீலா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, பாஸ்! ஓட்டமும் ஓகே, லாங் ஜம்ப்பும் ஓகே!"

லீலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெகநாதன் தொண்டையைச் செருமினார்.

"எந்த ஷூ?"

"அதேதாம்ப்பா."

"எண்ணெக் கறை போச்சா?"

"போவலப்பா."

"ம்." மாவுக்கட்டின் ஓரத்தைச் சொறிந்தார். "எவ்ளோ தூரம் தாண்டன?"

"உங்க ரெண்டு பேரத் தாண்டனத விட கம்மிதாம்ப்பா."

ஜெகநாதனின் மீசைக்கு அடியில் என்னமோ அசைந்தது. சிரிப்பு என்று அவர் ஒப்புக்கொள்ளமாட்டார். பாத்ரூம் போக வேண்டும் என்று எழுந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலைக் கீழே வைக்கப் போனார். ஈரத்தைப் பார்த்தார். காலை அந்தரத்திலேயே நிறுத்திவிட்டார்.

"லீலா, அந்த செருப்பு."

டாக்டர் எழுதிக்கொடுத்த கறுப்பு ரப்பர் செருப்பு, பட்டையான அடி, வரிவரியாகப் பிடிப்பு, குதிகாலைச் சுற்றி ஒரு வார். இத்தனை நாளும் பார்க்கச் சகிக்கவில்லை என்று கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்தது. லீலா அதை எடுத்து அவர் காலில் மாட்டி வாரை இழுத்துப் போட்டாள். அவர் ஒரு அடி வைத்தார். கால் வைத்த இடத்திலேயே நின்றது. இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். நின்றது. ஜெகநாதனுக்கு அது நம்பமுடியாத விஷயமாக இருந்தது. குனிந்து செருப்பையே வெகுநேரம் பார்த்தார்.

"லீலா."

"என்னாங்க?"

"இந்த வார் இருக்குது பாரு… இதுல மட்டும் ஒரு சின்ன ஜரிக பார்டர்…"

லீலாவின் கையிலிருந்த ஃபோன் கீழே விழுந்தது. "அம்மா? அம்மா, என்னாச்சிம்மா?" என்று வேலூரிலிருந்து அது கேட்டுக்கொண்டே இருந்தது.