மாற்றி வாங்கிய டப்பா

இகராஷி எழுந்தான். குக்கரைத் திறந்து முதல் கரண்டிச் சோற்றைச் சிறு கிண்ணத்தில் எடுத்து மனைவி சாவோரியின் படத்துக்கு முன்னால் வைத்தான். அங்கிருந்த தண்ணீரை மாற்றினான். மிச்சச் சோற்றில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி நின்றபடியே சாப்பிட்டான். எரிக்கிற குப்பை எடுக்கும் நாள். பையைக் கட்டித் தெருமுனையில் வைத்துவிட்டு சைக்கிளை எடுத்தான். சகாதா நகரில் எப்போதும்போலக் கடல்காற்று எதிரே அடித்தது.

ஆசிரியர் அறையில் மேசைக்கு மேசை ஒரு சின்னப் பொட்டலம். கியோட்டோ இனிப்பு. இரண்டாம் ஆண்டு மாணவர்கள் சுற்றுலா போய் முந்தின நாள்தான் திரும்பியிருந்தார்கள். கூடப் போன ஆசிரியர்கள் வாங்கி வந்து வைத்தது. இந்த முறை இகராஷி போகவில்லை. இகராஷியின் மேசை மட்டும் காலி. சாவோரி போன பிறகு, யார் எந்த ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்தாலும் அவன் தொட்டதில்லை. வைத்தது அப்படியே கிடந்து காய்வதைப் பார்த்து, வைப்பதையே விட்டுவிட்டார்கள்.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள் புமினோ. அவன் வகுப்பின் மாணவர் தலைவி. கையில் இரண்டு டப்பா.

"அங்க வெக்காதம்மா," என்றார் பக்கத்து மேசை ஒகிட்சு. "அங்க வெச்சதெல்லாம் கடைசியில என் வயித்துக்குத்தான் வருது. பெல்ட்டுல புதுசா ஓட்டை போட வேண்டியிருக்கு."

"உங்களுக்குத்தான் காலையிலேயே வந்துடுச்சே சார். வாயில மாவு ஒட்டியிருக்கு," என்றாள் புமினோ. பிறகு இரண்டையும் இகராஷியின் மேசையில் வைத்து அவன் பக்கம் திரும்பினாள். "இது உங்களுக்கு சார். இது அக்காவுக்கு. படத்துக்கு முன்னால வெக்கணும்."

பள்ளி விழாவில் இவர்கள் வகுப்புக் கடைக்கு வந்து நாள் முழுக்க நூடுல்ஸ் வறுத்துக் கொடுத்தவள் சாவோரி. அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு அவள் அக்கா.

"யாரு உன்னை வாங்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். ஸ்டேஷன்ல ஒரே கூட்டம். வரிசையில நின்னு வாங்கிட்டு ஓடி, கதவு மூடறப்பதான் உள்ள குதிச்சேன். செம திட்டு."

"வண்டியை விட்டிருந்தா? ஒரு டப்பா இனிப்புக்காகவா?" குரல் அவனை மீறி உயர்ந்தது. "எடுத்துட்டுப் போ."

ஒகிட்சு தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். புமினோவின் காதுகள் சிவந்தன. ஆனால் டப்பாக்களை அவள் எடுக்கவில்லை.

போன வருடம் சுற்றுலாவுக்குப் பொறுப்பாகப் போனவன் இகராஷி. பாதியில் ஒரு காலை, மருத்துவமனையிலிருந்து மாமியார் கூப்பிட்டாள். உடனே கிளம்பி வா என்றாள். வேலையைச் சக ஆசிரியர்கள் தலையில் கட்டிவிட்டு ஓடினான். கியோட்டோ ஸ்டேஷனில் ஒரு டப்பா வாங்கினான். நடைமேடைப் படியில் ஏறும்போதுதான் கவனித்தான்: உள்ளே இனிப்பு தனித்தனியாகச் சுற்றாமல் மொத்தமாக அடுக்கியது. மேசைக்கு ஒன்றாக வைக்க முடியாது. திரும்பிப் போய் மாற்றக் கேட்டான். அவனுக்கு முன்னால் வரிசை நீண்டிருந்தது. சரியான டப்பாவோடு மேலே வந்தபோது புல்லட் ரயில் போயிருந்தது. அது போனதால் நீகாதாவில் மாற வேண்டிய வண்டியும் போனது. சகாதா வந்து சேர்ந்தபோது சாவோரியின் முகத்தில் வெள்ளைத் துணி போட்டிருந்தார்கள். டப்பா அவன் கையிலேயே இருந்தது.

"சார்," என்றாள் புமினோ மெதுவாக. "நான் வாங்கிட்டு வந்ததுக்கு அக்கா கோச்சுக்குவாங்களா?"

அவன் இரண்டு டப்பாக்களையும் எடுத்துத் தன் பைக்குள் வைத்தான்.

"மாட்டா," என்றான்.

போன வருடம் அந்தக் காலையில் மாமியார் போனை சாவோரியின் காதோடு பிடித்துக்கொண்டாள். இதோ கிளம்பிட்டேன் என்று இவன் சொன்னான். சாவோரி வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். இந்த ஒரு வருடத்தில் எத்தனையோ வாக்கியங்களை அவள் வாயில் வைத்துப் பார்த்துவிட்டான். எதுவும் ஒட்டவில்லை. மூச்சு வாங்க, ஆனால் வழக்கமான கேலியோடு, அவள் சொன்னது இவ்வளவுதான்:

"ஸ்டாஃப் ரூமுக்கு ஏதாவது வாங்கிட்டு வாங்க, தனித்தனியா சுத்தினதா பாத்து. போன தடவை மாதிரி இனிப்பை வெட்டறதுக்கு எல்லாரையும் கத்தி தேட வெச்சிடாதீங்க."