ஒட்டாத நோய்

சளிக் கிண்ணத்தைக் கணவனின் வாயருகே பிடித்தபடி, வழக்கம்போல அவள் மாஸ்க் போட்ட தன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் டாக்டரம்மா ஆஸ்பத்திரி அறைக்குள் வந்தார்.

"என்ன கிருமின்னு தெரிஞ்சிடுச்சும்மா. காசநோய் இல்ல. மண்ணுல இருக்கிற ஒரு கிருமி, ரொம்ப அபூர்வம். எக்ஸ்ரேல பார்த்தா காசநோய் மாதிரியே இருக்கும். சளியை வளர்த்துப் பார்த்தாத்தான் பிடிபடும். அதுவும் மெதுவாத்தான் வளரும்."

அவன் பூச்செடி விற்கிறவன். மண்ணையும் உரத்தையும் கலந்து தொட்டிகளில் நிரப்பியே காலத்தை ஓட்டியவன். மூட்டுவலிக்கு விழுங்கிய மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிட்டிருந்தது. மாதக்கணக்கில் காசநோய் மருந்து சாப்பிட்டும் தேறாமல் துரும்பாய் இளைத்துப்போனான்.

"அப்ப இதுக்கு மருந்து?"

"இப்பவே ஏத்தறோம். ஆனா மூளைக்கும் பரவியிருக்கு. கொஞ்சம் முன்னாடி தெரிஞ்சிருந்தா..." டாக்டரம்மா கிளம்பும்போதுதான் சொன்னார். "மாஸ்க்கைக் கழட்டிடுங்க. இது ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாது."

ஒட்டாதாம். வீட்டில் அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், பின்னறையில் தனிப் படுக்கை. சாப்பாட்டை வாசற்படியில் வைத்துவிட்டு அவள் நகர்ந்துவிடுவாள். அவன் முகம் சுளித்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. "நீ நல்லா இருந்தாத்தானே எனக்கு வேளாவேளைக்குச் சோறு" என்று உள்ளிருந்து சிரிப்பான்.

மாஸ்க்கைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டாள். கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவன் முகத்தருகே குனிந்தாள்.

"என்னங்க, இது ஒட்டாதாம். டாக்டரே சொல்லிட்டாங்க."

கண்ணைத் திறந்து பார்த்தான். புரிந்ததோ என்னவோ. இருமல் கிளம்பியதும், மிச்சமிருந்த தெம்பையெல்லாம் கூட்டிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தள்ளி உக்காரு."

"ஒட்டாதுங்க."

"சொன்னாக் கேளும்மா. தள்ளி உக்காரு."

அவள் நகரவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். எலும்பு ஒவ்வொன்றும் கைக்குத் தட்டுப்பட்டது. புது மருந்து குழாய்க்குள் நிதானமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

பொழுது சாய்வதற்குள் மூச்சு அடங்கிவிட்டது. சுவரைப் பார்த்திருந்த முகத்தை நர்ஸ்தான் வந்து நேராக்கினாள்.

பிணவண்டி ஓட்டுநர் மூக்கை மறைத்துத் துணி கட்டியிருந்தார். "நெஞ்சுச் சீக்குன்னு சொன்னாங்க. நீங்க முன்னாடி வந்துடுங்கம்மா. ஜன்னலைத் திறந்து வச்சுக்கலாம்."

அவள் பின்பக்கமாக ஏறி, ஸ்ட்ரெச்சரை ஒட்டிக் காலை மடக்கி உட்கார்ந்து, கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்தினாள்.